முதலில் மண், அப்புறம் செடி, கடைசியில்தான் மீன்! வீட்டிலேயே ஓர் அமைதியான செடித்தொட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை. கண்ணாடித் தொட்டி, கலர் கற்கள், பிளாஸ்டிக் செடி, காற்றுக்குமிழி விடும் பொம்மை, பாலிதீன் பையில் ஆறு மீன்கள்... எல்லாம் ஒரே பயணத்தில் வீட்டுக்கு வந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்குள் தொட்டி ரெடி. வீடே கூடி நின்று பார்க்கும். படுக்கப்போவதற்குள் குழந்தை ஆறு மீன்களுக்கும் பெயர் வைத்துவிடும்.

புதன்கிழமை தண்ணீர் லேசாகக் கலங்கும். வெள்ளிக்கிழமை ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த ஞாயிறு காலையில், 'அம்மா... இந்த மீன் ஏன் அசையாமலே இருக்கு?' என்ற கேள்வி வரும்.

மீன் தொட்டி வைத்துப் பார்த்த பல வீடுகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்பார் அப்பா. சாப்பாடு பத்தவில்லை என்பார் பாட்டி. கண்பட்டுவிட்டது என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். பெரும்பாலான நேரங்களில் உண்மையான காரணம் வேறு. அந்தத் தொட்டி மீன் வாழ்வதற்குத் தயாராகவே இல்லை. அதற்குத் தேவைப்பட்டது மருந்தோ, விலை உயர்ந்த ஃபில்டரோ அல்ல. மீன் இல்லாமல் சும்மா ஓடும் நாலு முதல் ஆறு வார அவகாசம்தான்.

அந்த அவகாசத்தைக் கொடுத்து, உயிருள்ள செடிகளோடு, அமைதியான நீரை விரும்பும் சின்ன மீன்களுக்கு ஒரு தொட்டி அமைப்பது எப்படி? படிப்படியாகப் பார்க்கலாம்.

தெளிந்த தண்ணீரில் ஒளிந்திருக்கும் விஷம்

மீன் சாப்பிடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது. மிச்சமான தீனி அழுகுகிறது. இரண்டிலிருந்தும் தண்ணீரில் சேருவது அம்மோனியா. ஆற்றிலும் குளத்திலும் இது பெரிய விஷயமில்லை. அங்கே தண்ணீரின் அளவு அதிகம். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிரிகளும் ஏராளம். 50 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அம்மோனியா போக வழியில்லை. அது மீனின் செவுளைப் பொசுக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தாலும் உள்ளே விஷம் இருக்கலாம். தண்ணீரின் சூடும் காரத்தன்மையும் கூடக் கூட, அம்மோனியாவின் விஷத்தன்மையும் கூடும். நம் ஊர் வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

இதற்கான தீர்வும் இயற்கையிலேயே இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட், அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தொந்தரவு தராது. செடிக்கோ அது உரம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் செடியின் வேரிலும் ஒட்டி வளரும். ஆனால் மெதுவாகத்தான் வளரும். அவை போதுமான அளவுக்குப் பெருக, சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் வளர்ப்பவர்கள் இதைத்தான் 'சைக்கிள் முடிவது' என்கிறார்கள்.

தொட்டி வாங்கிய அன்றே மீனை விட்டால், பாக்டீரியா வளரும் வரையிலான அந்த இடைவெளி முழுவதையும் மீன் தன் உடம்பால் தாங்க வேண்டியிருக்கிறது. பல மீன்களால் அது முடிவதில்லை.

செடிக்கும் மீனுக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கல் 1850-லேயே பதிவான விஷயம். லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ்களையும் வாலிஸ்நேரியா செடியையும் வைத்துப் பார்த்தார். செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளைச் சேர்த்தார், அவை அழுகியதைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, கழிவைத் தின்னும் உயிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தொட்டி நிலைக்கும் என்பது அவர் கண்டது. இன்றைய செடித்தொட்டிக்கும் அதுதான் அடிப்படை.

அமைதியான நீரை விரும்பும் மீன்கள் எவை?

எல்லா மீனும் ஒரே மாதிரி தண்ணீரில் வாழ்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைச் சேர்ந்த 'மிஸ் கேரளா' மீனுக்கு ஓடும் நீரும் நிறைய ஆக்சிஜனும் வேண்டும். கௌராமி, ஃபைட்டர் போன்றவை அதற்கு நேர் எதிர். வயல், வாய்க்கால், செடி அடர்ந்த குட்டை போன்ற ஓட்டமில்லாத நீர்தான் அவற்றின் ஊர்.

அப்படிப்பட்ட நீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் இந்தக் குடும்பத்து மீன்களுக்கு செவுளோடு, தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பும் உண்டு. 'லேபிரிந்த்' என்று அதற்குப் பெயர். மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போய் அதில் சுவாசிக்கும். நம் ஊர் பனையேறிக் கெண்டையும் இந்த உறவுக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் லெஃப்டினன்ட் டால்டார்ஃப், இந்த மீனைப் பனைமரத்தில் பிடித்ததாக எழுதிய குறிப்பு லண்டனின் லின்னேயன் சங்கம் வரை போனது. தண்ணீருக்கு வெளியிலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்க, காற்றைச் சுவாசிக்கும் அந்த உறுப்புதான் பனையேறிக்குக் கைகொடுக்கிறது.

இதே கூட்டத்தைச் சேர்ந்த ஒரு குட்டி மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்துதான். 'சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ்' என்ற பெயரில் வரும் 'குபானஸ்', அரியாங்குப்பத்தின் பிரெஞ்சு உச்சரிப்பிலிருந்து வந்தது.

வீட்டுத் தொட்டிக்கு முதல் தேர்வாகச் சொல்லத்தக்கது, ஹனி கௌராமி. கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளைச் சேர்ந்த இந்திய மீன். முழுதாக வளர்ந்தாலே சுமார் 5 செ.மீ.தான். சாந்தமான குணம். மார்புக்குக் கீழே நூல்போல் நீண்ட இரண்டு துடுப்புகளால் செடியையும் கல்லையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நீந்தும் அழகே தனி. தேன் நிறத்து ஆண் மீன், நீரின் மேல்பரப்பில் வாயால் குமிழிகளை ஊதி ஊதி ஒரு கூடு கட்டும். முட்டைகளை அதில் வைத்துக் காவல் காக்கும். ஃபில்டரின் ஓட்டம் பலமாக இருந்தால் கூடு கலைந்துபோகும். இந்த மீன்களுக்குத் தண்ணீர் அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் 'கௌராமி' என்ற ஒரே சொல்லில் பல மீன்கள் இருக்கும். அங்கேதான் கவனம் தேவை. ப்ளூ கௌராமி 12 முதல் 15 செ.மீ. வரை வளரும், வளர வளர மற்ற மீன்களை விரட்டும். ஜெயன்ட் கௌராமி குட்டியாக இருக்கும்போது சாதுவாகத்தான் தெரியும். முழு வளர்ச்சியில் 60 செ.மீ.க்கு மேல் போகும்! வாங்கும் முன் 'இது எவ்வளவு பெரிசா வளரும்?' என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

ஃபைட்டர் மீன்தான் வேண்டும் என்றால், ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மட்டும். தாய்லாந்து 2019-ல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இது. காற்றைச் சுவாசிக்கும் என்பதால் பாட்டிலிலும் சில காலம் உயிரோடு இருக்கும். உயிரோடு இருப்பதும் நன்றாக வாழ்வதும் வேறு வேறு.

எங்கே வைப்பது?

முதல் தொட்டிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் வசதியான அளவு. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். மண்ணும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்னத் தொட்டி என்றால் வேலை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தண்ணீர் குறையக் குறைய அது சீக்கிரம் கெடும். நீங்கள் செய்யும் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைப்பது இதனால்தான் தோற்கிறது.

கண்ணாடி, மண், கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் எடை 75 கிலோவைத் தாண்டும். டீப்பாயும் டி.வி ஸ்டாண்டும் இதற்கு ஆகாது. ஆடாத, மட்டமான ஸ்டாண்ட் வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாக்கோல் ஷீட் விரித்தால், கண்ணாடியின் மீது எடை சமமாக இறங்கும்.

வாஸ்து பார்த்து மூலையைத் தேர்வு செய்யும் வீடுகளும் உண்டு. அந்த மூலையில் நேரடி வெயில் விழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வெயில் பட்டால் பாசி மண்டும், கோடையில் தண்ணீர் கொதிக்கும். பக்கத்தில் பிளக் பாயின்ட்டும், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போக பாத்ரூமும் இருந்தால் பராமரிப்பு சுலபம்.

மண்ணும் மணலும்

செடித்தொட்டி என்றதும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், இறக்குமதி மண் என்று செலவுக் கணக்கு பயமுறுத்தும். ஜப்பானின் தகாஷி அமானோ (1954-2015) உலகப் புகழ்பெறச் செய்த நீருக்கடித் தோட்டங்களுக்கு அவை தேவைப்படலாம். எளிய தொட்டிக்குத் தோட்டத்து மண்ணே போதும். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் 1999-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, சாதாரண மண்ணில் செடி வளர்க்கும் இந்த முறை பரவலானது.

சாணம், ரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் படாத தோட்ட மண் அல்லது செம்மண் 5 லிட்டர் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கல், வேர், குச்சி போகச் சலியுங்கள். ஒரு பக்கெட்டில் ஊறவைத்து, மேலே மிதப்பதை வடித்துவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யலாம். பிறகு தொட்டியின் அடியில் 1 அங்குல உயரத்துக்கு ஈரமாகப் பரப்புங்கள். அதற்கு மேல், கழுவிய ஆற்று மணலோ 2 மி.மீ. அளவுள்ள பொடிக்கல்லோ ஒன்றரை அங்குலம். மணல் மண்ணை முழுதாக மூட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும்.

கடற்கரை மணல் வேண்டாம்; அதில் உப்பும் கிளிஞ்சல் துகள்களும் இருக்கும். எம்-சாண்ட் கூர்மையாக இருக்கும், அதுவும் வேண்டாம். சாயம் பூசிய கலர் கற்களையும் தவிர்த்துவிடலாம்.

பாடப்புத்தகத்துச் செடிகள்

சோதனைக் குழாயைக் கவிழ்த்து, புனலுக்குள் செடியை வைத்து, ஆக்சிஜன் குமிழி வருவதைக் காட்டும் ஒளிச்சேர்க்கைப் பரிசோதனை நினைவிருக்கிறதா? அந்த ஹைட்ரில்லாதான் முதல் செடி. வேகமாக வளரும். வேகமாக வளரும் செடி எதுவானாலும் அம்மோனியாவை வேகமாக உறிஞ்சும். கூடவே ரிப்பன்போல் நீளும் வாலிஸ்நேரியாவைப் பின்வரிசையில் நடலாம்.

நடுவரிசைக்கு பிரம்மி. ஞாபகசக்திக்கு என்று சித்த வைத்தியத்தில் பேர்போன அதே நீர்ப்பிரம்மிதான், அக்வேரியம் கடைகளில் 'பகோப்பா' என்ற பெயரில் கிடைக்கிறது. 'அப்போனோஜிட்டான்' என்று கிழங்காக விற்கப்படுவது, நம் ஊர்க் குளங்களில் இருக்கும் கொட்டியின் உறவுச்செடி. தண்ணீர் வற்றினாலும் குளத்தை விட்டுப் போகாத செடியாக மூதுரையில் ஔவையார் காட்டும் கொட்டிதான் அது.

குறைந்த வெளிச்சத்திலும் வளர்பவை ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இந்த இரண்டின் தடித்த தண்டை மட்டும் மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். மேல்பரப்பில் கொஞ்சம் மிதக்கும் செடி இருக்கட்டும். கௌராமிக்கு நிழல் பிடிக்கும். குமிழிக்கூடு கட்டவும் அதுவே பிடிமானம்.

செடியை இரண்டு மூன்று கொத்தோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் நாளே தரையில் முக்கால்வாசி இடம் செடியாக இருக்க வேண்டும். செடி குறைந்தால் அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

நடும்போது தொட்டியில் பாதி அளவுக்குத் தண்ணீர் இருந்தால் வசதி. மணலின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன் மீது மெதுவாகத் தண்ணீரை ஊற்றுங்கள். அடி மண் கிளம்பாது.

எந்தத் தண்ணீர்?

மெட்ரோ வாட்டர், நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆபத்து. அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்ப்பையும் ஓடவிட்டால் குளோரின் பெருமளவு போய்விடும். அவசரத்துக்கு, கடையில் கிடைக்கும் ஆன்ட்டி-குளோரின் திரவத்தை பாட்டிலில் சொன்ன அளவுக்குச் சேர்க்கலாம்.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் உப்பும் கடினத்தன்மையும் அதிகம் இருக்கலாம். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது என்றால், பாதி போர் தண்ணீர், பாதி ஆர்.ஓ தண்ணீர் என்று கலந்துகொள்ளலாம். ஆர்.ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் மீனுக்கும் செடிக்கும் வேண்டிய தாதுக்கள் இருக்காது. ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் கழிவுநீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே கூடாது.

மெல்லிய காற்று, அளவான வெளிச்சம்

இந்தத் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். டியூபில் ஒரு சின்ன வால்வு மாட்டி, குமிழி மெதுவாக வரும்படி குறைத்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பு லேசாக அசைந்தால் சரி. வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சும் பவர் ஃபில்டர், நீண்ட துடுப்புள்ள மீன்களை அலைக்கழிக்கும்.

கரன்ட் போகும்போது, டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி பம்ப்புக்குள் இறங்க வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள், அல்லது பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். பிளக்குக்குப் போகும் வயர் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிளக் பாயின்ட்டுக்குப் போகாது. தொட்டிக்குள் கைவிடும் முன் ஸ்விட்சுகளை அணைத்து, பிளக்கைக் கழற்றுவதைக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள்.

எல்.இ.டி விளக்கு முதல் மாதம் தினமும் 6 மணி நேரம் எரிந்தால் போதும். செடிகள் துளிர்த்த பிறகு 7, 8 மணி நேரமாகக் கூட்டலாம். சமவெளி ஊர்களில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குத் தேவைப்படும். மூடி அவசியம். கௌராமி துள்ளும் என்பதோடு, அது சுவாசிக்கும் மேல்காற்று இதமான சூட்டில் இருப்பதும் நல்லது.

மீன் இல்லாத ஆறு வாரங்கள்

இனிதான் பொறுமைக்கு வேலை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்குங்கள். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடும் வேலைதான். பெரியவர் ஒருவர் சொட்டு மருந்தைக் கையாள, நிறம் பார்த்துச் சொல்லும் வேலையைக் குழந்தையிடம் கொடுக்கலாம். வாரம் இரண்டு முறை பார்த்து, தினசரி காலண்டர் தாளிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

*முதல் வாரம்:* தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். சாப்பிட மீன் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். அது அழுகி அம்மோனியா தந்தால்தான் பாக்டீரியாவுக்கு உணவு. தண்ணீர் பால்போல் வெளுக்கலாம். சில நாளில் தானே தெளியும்.

*இரண்டாம் வாரம்:* அம்மோனியா தெரிய ஆரம்பிக்கும். சில செடிகளின் பழைய இலைகள் கரையும். புதுத் தண்ணீருக்குப் பழகும்போது இது சகஜம். அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிட்டு, வேரைத் தொடாமல் விடுங்கள்.

*மூன்று, நான்காம் வாரம்:* அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறும். கண்ணாடியில் பழுப்பு நிறப் பாசி படியலாம். துணியால் துடைத்தால் போய்விடும். செடியோடு ஒட்டி வந்த நத்தைக் குஞ்சுகள் ஊர ஆரம்பித்திருக்கும். அவற்றை விரட்ட வேண்டாம். வாரிங்டன் தேடிச் சேர்த்த துப்புரவுப் பணியாளர்கள் உங்களுக்கு இலவசமாகவே வந்திருக்கிறார்கள்.

*ஐந்து, ஆறாம் வாரம்:* தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று ஒரு வாரம் முழுக்க நிற்க வேண்டும். செடியில் புதுத் துளிர் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் தொட்டி தயார்.

செடிகள் மிக அடர்த்தியாக இருந்தால் அம்மோனியா பெரிதாக ஏறாமலே போகவும் கூடும். அப்போதும் அவசரப்படாதீர்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து, பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால், காத்திருக்கும் காலம் கொஞ்சம் குறையும்.

மீன் வரும் நாள்

சென்னைவாசிகளுக்கு வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். வரிசையாகக் கடைகள், சுற்றிலும் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் என்று அந்த வட்டாரமே இந்தத் தொழிலால் பேர் பெற்றது. எந்த ஊர்க் கடையானாலும், போனவுடன் வாங்காமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை விரித்து நீந்துகிறதா, தீனி போட்டால் வருகிறதா, உடம்பில் வெள்ளைப் புள்ளியோ பஞ்சு போன்ற படலமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தத் தொட்டியில் செத்த மீன் மிதந்தால், பக்கத்தில் நீந்தும் அழகான மீனையும் வாங்காதீர்கள்.

2 அடித் தொட்டிக்கு ஓர் ஆண், இரண்டு பெண் ஹனி கௌராமி. துணைக்கு 8 ஹார்லிக்வின் ரஸ்போரா. இதுவே போதும். ரஸ்போரா கூட்டமாகப் போகும், யாரையும் சீண்டாது. கடினமான போர் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும் என்றால், ரஸ்போராவுக்குப் பதில் நாலைந்து பிளாட்டி விடலாம். டைகர் பார்ப் வேண்டாம். நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். ஏஞ்சல் வளர்ந்தால் சின்ன மீன்களை விழுங்கும். கோல்டு ஃபிஷ் பெரிதாக வளரும், செடியைப் பிடுங்கித் தின்னும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் 4 ரஸ்போரா. பத்து நாள் கழித்து அம்மோனியா இன்னமும் 0 என்றால் அடுத்த நாலு. கௌராமி கடைசியில். பாக்டீரியாவும் அதற்கேற்பப் பெருகிக்கொள்ளும்.

மீன் பையைத் திறக்காமல் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சேருங்கள். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்றைக்கு விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

வாரம் அரை மணி நேரம்

தொட்டி நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு வேலை குறைவுதான். வாரம் ஒருமுறை டியூப் வைத்து, கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீரை மாடித்தோட்டத்துக்கு ஊற்றலாம். செடிகளுக்கு நல்ல உரம். நைட்ரேட் 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா, குளோரின் பட்டு ஒரே நிமிடத்தில் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். மொத்தத் தொட்டியையும் காலி செய்து, கல்லைத் தேய்த்துக் கழுவும் 'மாதாந்தரச் சுத்தம்' செய்தால், மறுபடியும் முதல் நாளுக்கே போய்விடுவீர்கள்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு, நாளுக்கு ஒரு முறை தீனி. வாரத்தில் ஒரு நாள் விரதம். வீட்டில் ஆளுக்கொரு முறை அன்பாகப் போடும் தீனிதான் பல தொட்டிகளைக் கெடுக்கிறது. 'இன்னிக்கு மீனுக்கு சாப்பாடு ஆச்சு' என்று காலண்டரில் ஒரு டிக் போட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்தது. மூன்று, நாலு நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன்கள் பட்டினியைத் தாங்கும். பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட அது பாதுகாப்பு.

மீன் சோர்ந்து தெரிந்தால், கையில் கிடைத்த நீல மருந்தையோ கல் உப்பையோ உடனே கொட்டாதீர்கள். மெத்திலீன் புளூ நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். உப்பு பல செடிகளுக்கு ஆகாது. முதலில் தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், கால்வாசி முதல் பாதி வரை தண்ணீரை மாற்றி, தீனியை நிறுத்துங்கள். மருந்து தேவைப்பட்டால், நோயுற்ற மீனைத் தனி டப்பில் வைத்துக் கொடுப்பதே நல்லது.

வேண்டாம் என்றால் ஏரியில் விடாதீர்கள்

இடம் மாறுகிறோம், மீன் பெரிதாகிவிட்டது, செடி மண்டிவிட்டது என்று ஒரு நாள் வரலாம். 'பாவம், ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்ற எண்ணமும் வரும். அது இரக்கமாகத் தெரிந்தாலும், ஏரிக்கு அது கேடு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்பட்ட சக்கர் மீன், இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையை நிரப்பும் உதவாத மீனாகியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. தேவையில்லாத மீனைக் கடைக்கோ, வேறு தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுங்கள். வெட்டிய செடியை வெயிலில் நன்கு காயவைத்து உரக்குழியில் போடுங்கள். சாக்கடையில் வீசாதீர்கள்.

காத்திருப்பும் ஒரு பாடம்தான்

பொருட்களை வாங்கிச் சேர்க்க ஒரு நாள் போதும். அடுக்கி நட இன்னொரு நாள். மிச்சமெல்லாம் காத்திருப்பு. ஆர்டர் போட்ட மறுநாள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும் காலத்தில், ஒரு குழந்தைக்கு ஆறு வாரம் என்பது நீண்ட காலம்தான். ஆனால் அந்த ஆறு வாரத்தில் அது வேடிக்கை மட்டும் பார்ப்பதில்லை. பழைய இலை கரைந்து புதுத் துளிர் வருவதைப் பார்க்கிறது. எங்கிருந்தோ ஒரு நத்தை முளைத்து வருவதைப் பார்க்கிறது. காலண்டர் தாளில் எழுதிய எண் ஏறி, இறங்கி, பூஜ்யமாவதைப் பார்க்கிறது. ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் அதற்கான இடத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பது, சொல்லிக்கொடுக்காமலே அதற்குப் புரிந்துவிடுகிறது.

இடையில் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, 'என்ன, செடிதான் இருக்கு... மீனைக் காணோமே?' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பதிலைக் குழந்தையே சொல்லட்டும்: 'அவங்க வீடு இன்னும் ரெடியாகல அங்கிள். நைட்ரைட் ஜீரோ வரட்டும்!'